தேயிலைக்காட்டு உறவுகள் குழு: பிரசவத்தில் முக்கும்போது எப்படி இருப்பது?

கவிதா: சித்தி, நேற்று கோத்தகிரியில் பரிசோதனை முடிந்தது. 37 வாரம். ஒரு சந்தேகம். பிரசவ மேசையில் மல்லாந்துதான் படுக்க வேண்டுமா? இப்போதே மல்லாந்து படுத்தால் எனக்குத் தலை சுற்றுகிறது.

ராஜேந்திரன் மாமா: காலை வணக்கம். மேட்டுப்பாளையம் சாலையில் பனிமூட்டம். வண்டி எடுப்பவர்கள் கவனம்.

செல்வி சித்தி: சுற்றத்தான் செய்யும். நிறைமாதக் கருப்பை முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெரிய இரத்தக் குழாயை அழுத்துகிறது. இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து, அழுத்தம் இறங்குகிறது. குழந்தைக்குப் போவதும் குறையலாம். இடப்பக்கம் ஒருக்களித்துப் படு.

பிரசவத்திலும் மல்லாந்து கிடக்கக் கட்டாயம் இல்லை. பார்க்கிறவர்களுக்கு அது வசதி, அவ்வளவுதான். எந்த நிலையில் பெறுவது என்பதைப் பெறுகிறவளின் விருப்பத்துக்கு விட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே 2018இல் பரிந்துரைத்துவிட்டது.

ரேவதி அண்ணி: என்னிடம் யார் விருப்பம் கேட்டார்கள்? இரண்டு காலையும் தூக்கி வைத்துவிட்டு, "மூச்சை விடாதே, முக்கு, முக்கு" என்று நான்கு பேர் கத்தினார்கள். பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் என் கண்ணைத்தான் பார்த்தார்கள். அவ்வளவு சிவப்பு.

செல்வி சித்தி: மூச்சை நெடுநேரம் அடக்கி முக்கினால் கண்ணில் நுண்ணிய குழாய்கள் வெடிக்கும். தானே ஆறிவிடும். ஆனால் அப்படி அடக்க வேண்டிய தேவையே இல்லை. கருப்பை வாய் 10 செ.மீ. திறந்த பிறகும் சிலருக்கு முக்கும் உந்துதல் உடனே வராது. வந்ததும் அது சொல்கிறபடி முக்கு, நடுவில் மூச்சு விடு. தலைப்பிரசவத்தில் இந்தக் கட்டம் மூன்று மணி நேரம் வரைகூடப் போகலாம். முதல் அரை மணியிலேயே எல்லாத் தெம்பையும் செலவழித்துவிடாதே.

தினேஷ்: அம்மாச்சி சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். "கண்ணு, தோட்டத்து லயன் வீட்டில், வரிசைக் குடியிருப்பில், உத்தரத்தில் சேலையை முறுக்கிக் கட்டி, அதைப் பிடித்துக் குத்தவைத்துதான் ஐந்தையும் பெற்றேன். மேசையாவது, விளக்காவது."

ராஜேந்திரன் மாமா: பார்த்தீர்களா! அந்தக் காலத்தில் வீட்டிலேயே எவ்வளவு சுலபம்.

செல்வி சித்தி: அண்ணா, பக்கத்து லயனில் இரத்தப்போக்கு நிற்காமல் செத்துப்போனவளைப் பற்றியும் அம்மாவிடம் கேளுங்கள். குத்தவைக்கலாம், ஆனால் மருத்துவமனையில்.

கவிதா: அப்படியானால் குத்தவைப்பதுதான் நல்லதா?

செல்வி சித்தி: இடுப்பெலும்பின் கீழ்வாய் சற்று அகலும், எடையும் கீழ்நோக்கி உதவும். அம்மா நாளெல்லாம் அப்படி உட்கார்ந்து வேலை செய்தவள். நீ வங்கி நாற்காலியில் இருப்பவள், கொஞ்ச நேரத்தில் தொடை நடுங்கிவிடும். வலி வரும்போது மட்டும் துணையின் தோளைப் பிடித்துக் குத்தவை, வலி இறங்கியதும் உட்கார்ந்துகொள். நிமிர்ந்த நிலையில் பெறுகிறவர்களுக்கு ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுப்பதும் வெட்டித் தையல் போடுவதும் குறைகின்றன. இரத்தம் சற்றுக் கூடுதலாகப் போகலாம் என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன. உனக்கு இரத்தசோகை இருக்கிறது, அதனால் இதை மருத்துவரிடம் கேட்காமல் முடிவு செய்யாதே.

சிலருக்கு வலி முழுக்க முதுகில்தான் இருக்கும். குழந்தையின் பின்னந்தலை முதுகெலும்புப் பக்கம் இருந்தால் அப்படி. அப்போது முட்டி போட்டு, கைகளை முன்னால் ஊன்றிக்கொண்டால் ஆறுதல் கிடைக்கும். கூச்சப்படாதே, அந்த அறையில் அதற்கெல்லாம் நேரமில்லை.

என்னைக் கேட்டால் ஒருக்களித்துப் படுப்பதற்குத்தான் என் வோட்டு. மேல் காலை ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். இரண்டு வலிக்கு நடுவில் கண்ணயர்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தலையும் நிதானமாக வெளியே வரும். எபிடியூரல், அதாவது வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் மருந்து, போட்டுக்கொண்ட தலைப்பிரசவக்காரிகளை வைத்து பிரிட்டனில் ஓர் ஆய்வு நடந்தது, 2017இல் வெளிவந்தது. நிமிர்ந்திருந்தவர்களைவிட ஒருக்களித்துப் படுத்தவர்களில்தான் ஆயுதமோ அறுவையோ இல்லாமல் பெற்றவர்கள் அதிகம்.

ரேவதி அண்ணி: இதை எனக்கு முன்பே சொல்லியிருக்கக் கூடாதா?

செல்வி சித்தி: நீ எங்கே கேட்டாய்? பெயர்தானே தேடிக்கொண்டிருந்தாய்.

பிரகாஷ்: சித்தி, என்னை உள்ளே விடுவார்களா?

செல்வி சித்தி: அரசு மருத்துவமனையில் பெரும்பாலும் பெண் துணையைத்தான் விடுவார்கள் மாப்பிள்ளை. ரேவதி போகட்டும், அவளுக்குக் குரலும் இருக்கிறது. அடுத்த பரிசோதனையில் நீங்கள் இருவரும் போய் இரண்டு கேள்வி கேளுங்கள். துணைக்கு ஆள் வரலாமா? மல்லாந்து படுக்காமல் பெற அனுமதி உண்டா? வலி வந்த பிறகு கேட்டால் யாருக்கும் காது கேட்காது. இன்னொன்று கவிதா, குழந்தையின் இதயத்துடிப்பு இறங்குகிறது, திரும்பிப் படு என்று அவர்கள் சொன்னால் மறுபேச்சு கூடாது.

கவிதா: சரி சித்தி. திங்கட்கிழமை கேட்டுவிடுகிறேன்.

ராஜேந்திரன் மாமா: அரவேணுவிலிருந்து கோத்தகிரி ஏற என் ஜீப் தயார். இரவு எத்தனை மணியானாலும் கூப்பிடுங்கள்.

செல்வி சித்தி: முதலில் 108க்குத்தான் அழைக்க வேண்டும். அது வரத் தாமதமானால் உங்கள் ஜீப். பின்னால் அவள் ஒருக்களித்துப் படுக்க இடம் இருக்கிறதா?

ராஜேந்திரன் மாமா: இலை மூட்டை கிடக்கிறது. இன்றே இறக்கிவிடுகிறேன்.