ஆங்கில இலக்கியத்தில் உங்களை விடாமல் துரத்தும் வில்லன் யார்? – அனுபவப் பகிர்வு

கரும்பலகை:
வகுப்பில் ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ' நாடகத்தை நடத்தி முடிக்கும் ஒவ்வோர் ஆண்டும் அதன் வில்லன் இயாகோவிடம் வந்துதான் முட்டிக்கொள்கிறேன். கதை உங்களுக்குத் தெரியும். ஒதெல்லோ சந்தேகப்பட்டுக் கொன்ற மனைவி டெஸ்டிமோனா கட்டிலில் செத்துக் கிடக்கிறாள், அந்தச் சந்தேகத்தை மூட்ட இயாகோ செய்த கைக்குட்டைப் புரட்டு வெளிப்பட்டுவிட்டது. ஏன் இப்படிச் செய்தான் என்று ஒதெல்லோ கேட்கிறான். என்னிடம் எதுவும் கேட்காதே, உனக்குத் தெரிந்தது தெரிந்ததுதான், இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்கிறான் இயாகோ. அதன்பின் நாடகம் முடியும்வரை வாய் திறப்பதில்லை. போன பருவத்தில் முன்வரிசைப் பெண் ஒருத்தி, "அப்புறம் எப்போது சொன்னான், மிஸ்?" என்றாள். வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை; பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள். காரணமற்ற வன்மம் அது, காரணத்தை அவன் தேடி ஒட்டவைத்துக்கொள்கிறான் என்று ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் சொன்னதைச் சொன்னேன். எழுதிக்கொண்டாள். நம்பியதாகத் தெரியவில்லை.

பின்வரிசை:
காரணமில்லையா? முதல் காட்சியிலேயே புலம்பித் தீர்க்கிறானே! தனக்கு வரவேண்டிய பதவியை, போர்க்களத்தில் படை நடத்தியே அறியாத காசியோவுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று. கோல்ரிட்ஜ் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்கமாட்டார். எங்கள் அலுவலகத்தில் ஒருவர். பதவி உயர்வு தன்னைத் தாண்டி இளையவர் ஒருவருக்குப் போன அன்று, அவரே ஜாங்கிரி வாங்கிவந்து மேசை மேசையாகக் கொடுத்தார். என்னிடம் வந்தபோது குனிந்து, "தம்பி தங்கமான பையன். கணக்கில்தான் கொஞ்சம் கவனக்குறைவு" என்றார். மழைக்காலம் முடிவதற்குள் அந்தத் தம்பிக்கு இடமாற்றம். இதில் என்ன புதிர் இருக்கிறது?

தேம்ஸ்கரையான்:
எனக்கு ஃபேகின். பள்ளியில் படித்த சுருக்கப் பதிப்பில் அவன் வெறும் திருட்டுக் கும்பல் தலைவன். லண்டன் வந்தபின் 'ஆலிவர் ட்விஸ்ட்' முழு நாவலை ரயிலில் படித்தேன். அடுப்பருகே கையில் முட்கரண்டி, சிக்குப் பிடித்த சிவப்புத் தலைமுடி: பழைய மேடைச் சாத்தானை அப்படியே இறக்கியிருக்கிறார் டிக்கன்ஸ். பெயருக்குப் பதிலாக 'அந்த யூதன்', 'அந்த யூதன்' என்று பக்கத்துக்குப் பக்கம். எதிரே கிப்பா என்ற யூதக் குல்லா அணிந்த பெரியவர் ஒருவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மிச்சத்தை வீட்டில்தான் படித்தேன். எலைசா டேவிஸ் என்ற யூதப் பெண்மணி 1863இல் இதைக் கண்டித்து டிக்கன்ஸுக்கே கடிதம் எழுதியிருக்கிறார். முதலில் சமாளித்துப் பதில் எழுதிய மனிதர், அடுத்த நாவலில் ரையா என்ற நல்ல யூதரைப் படைத்தார். 1867 பதிப்பின் பிற்பகுதியில் அந்தச் சொல்லைப் பெரும்பாலும் நீக்கினார். முற்பகுதியில் அப்படியே கிடக்கிறது. ஆகவே, வில்லனுக்குக் காரணம் உண்டா என்று கேட்பவர்கள், எழுதியவருக்கு என்ன காரணம் என்றும் கேட்கலாம்.

ஓலைச்சுவடி:
பின்வரிசை அவர்களுக்கு: கோல்ரிட்ஜ் 1805இல் மால்டாவில் அரசுச் செயலராகவே வேலை பார்த்தவர். கோப்பு, அலுவலகப் பொறாமை எல்லாம் அறிந்தவர்தான்.

என் அனுபவம் சிறியது. மில்டனின் 'இழந்த சொர்க்கம்' காவியம், ஒன்பதாம் காண்டம். ஏவாளைத் தனியே பார்த்த சாத்தான் தன் பகையையே மறந்து, கணநேரம் தன்னை அறியாமல் நல்லவனாக நிற்கிறான். அந்த இடத்தில் மேலே படிக்க மனம் வரவில்லை.

இளையவர்களுக்குச் சில யோசனைகள். கரும்பலகை அவர்களே, நேரே இயாகோவில் தொடங்காதீர்கள். முதலில் ஷேக்ஸ்பியரின் 'மூன்றாம் ரிச்சர்ட்' நாடகத்தை நடத்துங்கள். காதலனாக முடியாததால் வில்லனாகிறேன் என்று அவன் பார்வையாளர்களிடமே சொல்லிவிடுவான். பழைய அறநாடகங்களின் 'தீமை' பாத்திரத்தோடு தன்னையே ஒப்பிட்டுக்கொள்வான். அடுத்து ஒதெல்லோ. பிறகு 1667இன் மில்டன். வாய்விட்டுப் படிக்கவேண்டும், கண்ணால் ஓட்டினால் பயனில்லை. மில்டன் தன்னை அறியாமலே சாத்தானின் கட்சி என்று கவிஞர் பிளேக் சொன்னதை மில்டனுக்குப் பின்னரே படியுங்கள். அப்புறம் 1818இல் வந்த மேரி ஷெல்லியின் நாவல் 'ஃபிராங்கன்ஸ்டைன்'. அதில் ஒருவன் செயற்கையாக உருவாக்கிய உயிரி மில்டனைப் படித்துவிட்டு, சாத்தானோடு தன்னை ஒப்பிட்டு அழுகிறது. குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். பென்சில் நல்லது.

கரும்பலகை:
ஐயா, அனுபவம்தான் கேட்டேன். பாடத்திட்டம் எங்கள் துறையிலேயே நிறைய இருக்கிறது.

மூன்றாம்ஜாமம்:
ஸ்டீவன்சனின் 'டாக்டர் ஜெக்கிலும் மிஸ்டர் ஹைடும்' கதையில் வரும் ஹைடு. அதிகாலை மூன்று மணி, வெறிச்சோடிய தெரு. மோதி விழுந்த சிறுமியின் மேல் நிதானமாக மிதித்து நடந்து போகிறான். அது கூடப் பரவாயில்லை. ஊர் கூடிப் பிடித்து நூறு பவுண்டு கேட்டதும், ஒரு கதவைத் திறந்து உள்ளே போய், பத்துப் பவுண்டு தங்கக் காசும் மீதிக்குக் காசோலையும் கொண்டுவந்து நீட்டுகிறானே, அங்கேதான் எனக்கு வயிறு கலங்கியது. கையெழுத்து ஊரறிந்த பெரிய மனிதருடையது. போலியாகத்தான் இருக்கும் என்று காலையில் வங்கிக்குப் போகிறார்கள். நல்ல காசோலைதான்.

ஓலைச்சுவடி:
இது 1886. மில்டனை முடிக்காமல் இதற்கு எப்படிப் போனீர்கள்?