மறு: விண்மீன் கொத்து – ‘எவாப்பரேஷன்’ என்பதற்கு ‘ஆவியாதல்’ சரிதானா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

விண்மீன் கொத்துகள், அதாவது ஈர்ப்பால் கட்டுண்ட விண்மீன் கூட்டங்கள், பற்றிய நம் சொற்பட்டியலில் ‘எவாப்பரேஷன்’ என்பதற்கு நேரே ‘ஆவியாதல்’ என்று போட்டிருக்கிறோம். இயற்பியல் அகராதியில் ஏற்கெனவே இருக்கிற சொல், அப்படியே எடுத்துக்கொண்டோம். ஆனால் இந்த இடத்தில் அது மாணவரைத் தவறான பக்கம் இழுக்கும் என்று நினைக்கிறேன்.

நடப்பது இதுதான். கொத்துக்குள் விண்மீன்கள் ஒன்றை ஒன்று கடக்கும்போதெல்லாம் ஈர்ப்பால் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்து வாங்குகின்றன. கனமானவை வேகம் குறைந்து நடுவில் இறங்கும், இலேசானவை வேகம் கூடி விளிம்புக்குப் போகும். அவற்றில் சில விடுபடு வேகத்தைத் தாண்டி வெளியேறிவிடும். தனித்திருக்கும் கொத்துக்குப் போடும் எளிய கணக்கில், ஒரு தளர்வு நேரத்துக்குள் (இப்படி ஆற்றலைக் கொடுத்து வாங்கியே விண்மீன்களின் வேகங்கள் முழுதும் மாறிவிட ஆகும் காலம்) நூற்றில் ஒன்றுக்கும் குறைவான விண்மீன்களே இப்படிக் கழல்கின்றன. சுற்றியிருக்கும் பேரடையின் (பால்வழி போன்ற விண்மீன் பெருந்திரளின்) இழுப்பையும் சேர்த்தால் கழலும் வீதம் கூடும். எப்படியானாலும் ஒவ்வொன்றாகத்தான் போகின்றன.

திரவத்திலும் வேகமான மூலக்கூறுகள்தானே முதலில் தப்புகின்றன என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான், ஒப்புமை அங்கிருந்துதான் வந்தது. ஆனால் அதற்கு அடுத்த படியிலேயே அது உடைந்துவிடுகிறது. ஆவியான பின் மிஞ்சுகிற திரவம் குளிர்கிறது. கொத்திலோ, மையம் தன் ஆற்றலை வெளிப்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டுச் சுருங்குகிறது. சுருங்கச் சுருங்க உள்ளே விண்மீன்களின் வேகம் கூடுகிறது. ஆற்றலை இழந்தால் சூடாகும் அமைப்பு இது. இந்தப் போக்கு கட்டுக்கடங்காமல் போவதைத்தான் ‘மையச் சரிவு’ என்கிறோம், எம்15 என்ற கோளக் கொத்து (உருண்டையாக அடர்ந்த பழைய கொத்து) அதற்கு வழக்கமாகக் காட்டும் எடுத்துக்காட்டு. ‘ஆவியாதல்’ என்று படித்தவர் மிச்சம் குளிரும் என்றே எதிர்பார்ப்பார். இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

வானியற்பியலாளர் சந்திரசேகர் 1943இல் எழுதிய கட்டுரையின் தலைப்பில்கூட விண்மீன்கள் ‘தப்பிச்செல்லும் வீதம்’ என்றுதான் இருக்கிறது, ஆவி இல்லை.

என் பரிந்துரை ‘உதிர்வு’. கொத்து என்று பெயர் வைத்துவிட்டோம். கொத்திலிருந்து ஒவ்வொன்றாகப் போவதற்குத் தமிழில் ஏற்கெனவே இருக்கும் வினை உதிர்தல்தான்.

அப்புறம், உதிர்வை மற்ற முடிவுகளிலிருந்து பிரித்தாக வேண்டும். கொத்துகள் மூலக்கூற்று முகில்களுக்குள், அதாவது குளிர்ந்து அடர்ந்த வளிம முகில்களுக்குள், பிறக்கின்றன. முகிலின் வளிமத்தில் சிறு பங்குதான் விண்மீனாகிறது. பெரிய விண்மீன்களின் கதிர்வீச்சும் காற்றும், பிறகு அவை வெடிக்கும் மீயொளிர் வெடிப்புகளும் (சூப்பர்நோவா) மிச்ச வளிமத்தைச் சில மில்லியன் ஆண்டுகளில் துரத்திவிடுகின்றன. கட்டிப்பிடித்திருந்த நிறை சட்டென்று போய்விட்டால் விண்மீன்கள் எங்கே நிற்கும்? முகிலுக்குள் பிறக்கும் கொத்துகளில் 4 முதல் 7 விழுக்காடுகூட கார்த்திகைக் கொத்தின் வயதை எட்டுவதில்லை என்று சார்லஸ் லாடாவும் எலிசபெத் லாடாவும் 2003இல் மதிப்பிட்டார்கள். கார்த்திகைக்கு வயது 10 கோடி ஆண்டுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். பிழைத்தவற்றுக்கும் நிம்மதி இல்லை: பால்வழித் தட்டில் சுற்றும்போது பெரிய மூலக்கூற்று முகில் ஒன்று பக்கத்தில் கடந்தால் கொத்து ஆட்டம் கண்டுவிடும்.

இந்த இரண்டிலும் விண்மீன்கள் வரிசையாகப் போவதில்லை, கொத்தின் கட்டே போய்விடுகிறது. இதற்குக் ‘குலைவு’. எதுவானாலும் கடைசியில் கொத்து இல்லாமல் போவதற்குப் பொதுச்சொல் ‘கலைவு’, கூட்டம் கலைந்தது என்கிறோமே அதே கலைதல். ‘கரைவு’ என்று முன்பு ஒருவர் சொன்னார். விண்மீன்கள் அப்படியே இருக்கும்போது கரைவது எங்கே?

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

----

ஐயா, வணக்கம்.

வெப்ப வாதத்தை ஏற்கிறேன். எனக்கு இரண்டு தயக்கம். ஒன்று, உதிர்வது என்றால் கீழே விழுவது, காய்ந்து போனது என்ற நினைப்பு வருகிறது. இங்கே வெளியேறும் விண்மீனுக்கு ஒரு குறையும் இல்லை, உந்தித் தள்ளப்பட்டுப் போகிறது. இரண்டு, குலைவும் கலைவும் வகுப்பில் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும். எழுத்துப்பிழை வந்தால் பொருளே மாறிவிடும். குலைவுக்குப் பதில் ‘சிதைவு’ என்று வைத்தால் என்ன?

----

அம்மா, நன்றி.

முதல் தயக்கம் அவ்வளவு வலுவானதாகத் தெரியவில்லை. முத்துச்சரம் அறுந்தாலும் முத்து உதிர்கிறது என்றுதான் சொல்கிறோம், முத்து காய்ந்தா போனது?

இரண்டாவது சரியான கேள்வி. ஆனால் ‘சிதைவு’ கதிரியக்கத்துக்குப் போய்விட்டது, கார்பன்-14 படிக்கிற அதே மாணவர்தான் இதையும் படிப்பார். குலைவைத் தனியாக விடாமல் காரணத்தோடு சேர்த்தே எழுதலாம்: வளிமம் விலகியதால் வந்தால் ‘வளிமநீக்கக் குலைவு’, முகில் மோதலால் வந்தால் ‘முகில் குலைவு’. பொதுச்சொல்லை எப்போதும் ‘கொத்துக் கலைவு’ என்றே எழுதுவோம். குழப்பம் பெரும்பாலும் போய்விடும்.

இன்னொன்றும் பட்டியலில் உறுத்துகிறது: ‘ஓதவால்’, பேரடையின் இழுப்பால் கொத்திலிருந்து நீளும் விண்மீன் வரிசைக்கு வைத்த சொல். பேரடையின் மையத்துப் பக்கமாக வெளியேறும் விண்மீன்கள் கொத்தை முந்திக்கொண்டு போகும், எதிர்ப்பக்கமாகப் போனவை பின்தங்கும். அதனால் முன்னே ஒன்று, பின்னே ஒன்று என இரண்டு நீட்சிகள். பாலோமர் 5 கோளக் கொத்தில் இதை 2001இல் ஸ்லோன் வான்வரைவின் தரவில் தெளிவாகக் கண்டார்கள். நம்மிலிருந்து சுமார் 150 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஹயடீஸ் கொத்துக்கும் இருப்பதை 2019இல் கையா விண்கலத்தின் தரவு காட்டியது. முன்னே போவதை வால் என்று எழுதக் கை வரவில்லை. ‘ஓத இழை’ என்று வைத்து, முன்னிழை, பின்னிழை என்று பிரிக்கலாமா? மறுப்பு இல்லையென்றால் அடுத்த திருத்தத்தில் உதிர்வோடு இதையும் சேர்த்துவிடுகிறேன்.