மகளுடன் ஓபர்ஹோர்ன்சே ஏரிக்கு ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா? நேரக்கணக்கில் உதவி தேவை

பேர்ண்வாசி:
வணக்கம். ஜூன் கடைசி வாரத்தில், 14 வயதான என் மகளுடன் சுவிட்சர்லாந்தின் லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கின் கடைக்கோடியில் 2065 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓபர்ஹோர்ன்சே ஏரி வரை ஏறி, அன்றே திரும்ப எண்ணியிருக்கிறேன். காலை 9 மணிக்கு லவுட்டர்புருன்னன் ரயில் நிலையத்தில் இறங்கி, அருவிகளைப் பார்த்தபடி ஷ்டெக்கெல்பெர்க் வரை சமதரையில் சுமார் 6 கிலோமீட்டர் நடந்து, அங்கிருந்து மலையேறுவதாகத் திட்டம். வழிகாட்டிப் பலகைகளின் நேரத்தைக் கூட்டினால், ஷ்டெக்கெல்பெர்க்கிலிருந்து ஏற ஏறக்குறைய 4 மணி நேரமும், இறங்க 3 மணி நேரமும் வருகின்றன.

எனக்குத் தயக்கம் வரக் காரணம், கடந்த ஆண்டு ஷினிகே பிளாட்டேயிலிருந்து பவுல்ஹோர்ன் சிகரம் வழியாக ஃபிர்ஸ்ட் வரை நாங்கள் நடந்த நடை. 6 மணி நேரம் என்று இருந்த பாதைக்கு எங்களுக்கு 9 மணி நேரம் ஆனது. கடைசிக் கேபிள் காரைத் தவறவிட்டு, கிரிண்டல்வால்ட் வரை 1100 மீட்டருக்கு மேல் இருட்டும் வேளையில் இறங்கினோம். மறுநாள் மகளால் மாடிப்படி இறங்க முடியவில்லை. வழியில் ஒரு குடிலில் முக்கால் மணி நேரம் சாப்பிட்டதும், உச்சியில் அரை மணி நேரம் இருந்ததும் தவிர நாங்கள் எங்கும் அதிகம் நிற்கவில்லை. எங்கே தவறினேன் என்று சொல்லி உதவுங்கள்.

மலைநடையன்:
தம்பி, பலகையும் தவறில்லை, நீங்களும் சோம்பலாக நடக்கவில்லை. மஞ்சள் பலகையில் இருக்கும் நேரம், ஓய்வே இல்லாமல் சீராக நடப்பவருக்கான நேரம். உணவு, தண்ணீர், காலணிக் கயிற்றை இறுக்குவது, படம் எடுப்பது எதுவும் அதில் சேராது. உங்கள் 9 மணி நேரத்தில் ஒன்றேகால் மணி ஓய்வைக் கழித்தால் ஏழே முக்கால் மணி நேரம் நடந்திருக்கிறீர்கள். அதை 6 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.3 வருகிறது. அதுதான் உங்கள் இருவரின் நடை அளவு. அதை மாற்ற முயல வேண்டாம். அதை வைத்தே கணக்குப் போடுங்கள்.

இப்போது ஏரிக்கு வருவோம். பலகைப்படி 7 மணி நேரம், உங்கள் அளவில் சுமார் 9 மணி நேரம், ஓய்வையும் சேர்த்தால் பத்தே கால் மணிக்குக் குறையாது. லவுட்டர்புருன்னனிலிருந்து சமதரை நடைக்கே உங்களுக்கு 2 மணி நேரம் போய்விடும் என்பதால், ஷ்டெக்கெல்பெர்க்கில் 11 மணிக்குத்தான் ஏறத் தொடங்குவீர்கள். திரும்பி வரும்போது இரவு 9 மணியைத் தாண்டிவிடும். ஆகவே அந்த 6 கிலோமீட்டருக்குப் பேருந்தில் ஏறுங்கள். அதைவிட நல்லது, முந்தைய இரவே ஷ்டெக்கெல்பெர்க்கில் தங்கி, காலை 7:15க்குக் கிளம்புவது. அருவிகளை முந்தைய மாலையிலேயே பார்த்துவிடலாம்.

பவுல்ஹோர்ன் பாதைக்கும் இதற்கும் முக்கியமான ஒரு வேறுபாடு உண்டு. அங்கே நேரத்துக்கு வந்திருந்தால் இறக்கத்தைக் கேபிள் காரிடம் விட்டிருக்கலாம். இந்தப் பாதையில் ஷ்டெக்கெல்பெர்க்குக்கு மேலே அப்படி எதுவும் இல்லை. 910 மீட்டரிலிருந்து 2065 வரை ஏறியதை முழுவதும் உங்கள் முழங்கால்தான் இறக்க வேண்டும். டிராக்செல்லவுனன் வரை (அங்கே பழைய ஈய உருக்காலையின் இடிபாடுகள் உண்டு, இரண்டு நிமிடம் நின்று பாருங்கள்) ஏற்றம் பொறுமையாகத்தான் இருக்கும். அதன் பிறகு காட்டுக்குள் பாதை நெடுகச் செங்குத்தாகும். அங்கே மகளை முன்னால் விட்டு, பேச்சுக் கொடுத்தபடி ஏறுங்கள். மூச்சு வாங்காமல் பேச முடியும் வேகம்தான் நாள் முழுவதும் தாங்கும் வேகம்.

தூண்ஏரிக்கரை:
பள்ளத்தாக்கு வடக்கு நோக்கித் திறந்திருப்பதால், அதன் தலைப்பகுதிச் சரிவுகளில் நிழல் அதிகம். பனி தாமதமாகத்தான் கரையும். ஜூன் கடைசியிலும் ஓடைப் பள்ளங்களில் பழைய பனி நாக்கு நீட்டிக் கிடக்கக்கூடும். அதன் அடியில் தண்ணீர் ஓடி உள்ளே குடைந்திருக்கும் என்பதால், ஓரத்தில் மெல்லிய இடத்தில் கால் வைக்காதீர்கள். கிளம்பும் முன், ஏரிக்குப் போகும் வழியில் இருக்கும் ஓபர்ஷ்டைன்பெர்க் மலை விடுதிக்குத் தொலைபேசியில் அழைத்துப் பாதை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். நடைக்கம்புகளை மகளுக்கும் வாங்கிக் கொடுங்கள், இறக்கத்தில் சற்று நீளமாக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். வெப்பமான நாள்களில் பிற்பகலில் இடிமழை வரும். மீட்பு உதவிக்கு 1414, அது கிடைக்காவிட்டால் 112. கடைக்கோடியில் அலைபேசித் தொடர்பை நம்பியிருக்க வேண்டாம்.

பேர்ண்வாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. முந்தைய இரவே தங்குகிறோம். ஒரு கேள்வி மட்டும் மிச்சம், அண்ணா. பாதி வழியில் தாமதமானால், எந்த இடத்தில் வைத்துத் திரும்ப முடிவெடுப்பது?

மலைநடையன்:
ஓபர்ஷ்டைன்பெர்க்கில், 1778 மீட்டரில். ஷ்டெக்கெல்பெர்க்கிலிருந்து அதுவரை பலகை நேரம் ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி, உங்கள் அளவில் மூன்றரை மணி. 7:15க்குக் கிளம்பினால் 10:45க்கு அங்கே இருப்பீர்கள். கால் மணி நேரம் தள்ளி, 11 மணியை எல்லையாக வையுங்கள். 11 மணிக்குள் விடுதியை எட்டாவிட்டால் ஏரி இல்லை. இதை மகளிடம் முந்தைய இரவே சொல்லி, அவளைக் கொண்டே தாளில் எழுத வையுங்கள். மேலே போன பிறகு பேசினால், ஏரி இத்தனை அருகில் இருக்கும்போது யாருக்கும் மனம் வராது. ஒவ்வொரு பலகையிலும் கடிகார நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பேர்ண்வாசி:
போய் வந்தோம். விடுதியை எட்டும்போது 11:20. காட்டு ஏற்றத்தில் மகளின் குதிகாலில் கொப்புளம் எழுந்து, கால் மணி நேரம் உட்கார்ந்து ஒட்டுத்துணி போட வேண்டியிருந்தது. தாளை அவளேதான் சட்டைப்பையிலிருந்து எடுத்தாள், "11" என்று எழுதியிருந்ததைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. எதிரே பிரைட்ஹோர்ன் சிகரம் வெள்ளையாக நின்றது. சூப் குடித்துவிட்டு இறங்கினோம். டிராக்செல்லவுனனைத் தாண்டும்போது முதல் இடி கேட்டது. ஏரிக்குப் போயிருந்தால் அந்நேரம் மரமே இல்லாத சரிவில் இருந்திருப்போம்.

கொப்புளத்துக்கு நின்ற நேரத்தைக் கழித்தால் ஏற்றத்தில் எங்கள் அளவு 1.4. நடைக்கம்பு இருந்ததால் இறக்கத்தில் 1.1தான்; முழங்கால் வலியும் இல்லை. ஆகஸ்டில் மின்சாரம் இல்லாத அந்த விடுதியிலேயே ஓர் இரவு தங்க முன்பதிவு செய்துவிட்டோம். மறுநாள் காலை 7 மணிக்கு அங்கிருந்து புறப்பட்டால், பலகையின் ஒன்றேகால் மணி எங்களுக்கு ஒன்றேமுக்கால் மணி ஆகும், 9 மணிக்குள் ஏரிக்கரையில் இருப்போம்.