போர்டு அசெம்பிளி நேரம்: கணக்குப் போட்டவர்கள் சொல்லும் அனுபவங்கள்

கொட்டேஷன் பிரிவில் இருப்பவர்:

எலக்ட்ரானிக் பாகங்களைப் பொருத்தித் தர விலை கேட்டு ஒரு சர்க்யூட் போர்டு வந்தால் கூடவே இந்தக் கேள்வியும் வந்துவிடும்: "ஒரு போர்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" பிஓஎம் என்ற பாகப் பட்டியலில் இருக்கும் பாகங்களை எண்ணி, ஒன்றுக்கு இத்தனை விநாடி என்று பெருக்கிச் சொன்னால் கேட்டவருக்குத் திருப்தி. ஆனால் அந்தப் பெருக்கலை நம்பி விலை போட்டால் கையைக் கடிக்கும். நான் பார்த்த வரையில், மெஷின் பொருத்தும் பாகங்கள் கூடுவதால் நேரம் பெரிதாகக் கூடுவதில்லை. போர்டை ஒரு ஆள் எத்தனை முறை கையில் எடுக்க வேண்டியிருக்கிறதோ, அதற்கேற்பத்தான் கூடுகிறது.

அண்மையில் இரண்டு போர்டுகள் ஒன்றாக வந்தன. ஒன்றில் 420 பாகங்கள். பார்த்ததுமே பயமாக இருக்கும். ஆனால் எல்லாம் சிப் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், சில ஐசி. எல்லாமே ஒரே பக்கத்தில். மெஷின் மணிக்கு 24,000 பாகம் வைக்கும் என்று எடுத்துக்கொண்டால் 63 விநாடியில் வேலை முடிந்துவிடும். இன்னொன்றில் மொத்தமே 90 பாகங்கள். ஆனால் இரண்டு பக்கமும் எஸ்எம்டி, அதாவது துளையில்லாமல் போர்டின் மேற்பரப்பிலேயே வைக்கும் பாகங்கள். அதற்கு மேல் ஆறு கனெக்டர், ஒரு டிரான்ஸ்ஃபார்மர், திருகு போட்டு இறுக்க வேண்டிய ஒரு ஹீட்சிங்க். மெஷின் நேரம் கால் நிமிடம்கூட வராது. ஆள் நேரமோ பன்னிரண்டு நிமிடத்தைத் தொட்டது. வாடிக்கையாளர் இரண்டாவது போர்டுதான் மலிவாக இருக்கும் என்று நினைத்திருந்தார். அவரிடம் பாகங்களின் பட்டியலைக் காட்டி விளக்குவது வீண் வேலை. லைனில் போர்டு எங்கெங்கே நிற்கிறது, எங்கே யார் எடுக்கிறார்கள் என்று வரிசையாகச் சொன்னதும் அவருக்கே புரிந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சால்டரை உருக்கிப் பாகங்களை ஒட்டவைக்கும் ரீஃப்ளோ ஓவனுக்குள் ஒரு போர்டு ஐந்தாறு நிமிடம் இருக்கும். அதை அப்படியே போர்டின் அசெம்பிளி நேரத்தோடு கூட்டும் கணக்குகளை இன்றும் பார்க்கிறேன். ஓவனில் போர்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. கன்வேயர் நிமிடத்துக்கு 90 செ.மீ. ஓடினால், 25 செ.மீ. பேனலும் (போர்டுகள் சேர்ந்திருக்கும் பலகை) 5 செ.மீ. இடைவெளியும் சேர்த்து 20 விநாடிக்கு ஒரு பேனல் வெளியே வரும். லைன் கணக்கில் எடுக்க வேண்டியது அந்த 20 விநாடியைத்தான். அதைவிட மெதுவான இடம் லைனில் எங்கே இருக்கிறதோ, அந்த இடம்தான் மொத்த வேகத்தையும் தீர்மானிக்கும்.

உங்கள் பிரிவில் நேரம் எங்கே போகிறது என்று சொல்லுங்கள்.

எஸ்எம்டி லைனில் ப்ரோகிராம் போடுபவர்:

மெஷின் விளம்பரத்தில் மணிக்கு 40,000 என்று போட்டிருப்பார்கள். மேலே சொன்ன 24,000 அதில் 60 சதவீதம். நானும் புதிய போர்டுக்கு அந்த அளவில்தான் தொடங்குவேன். வெவ்வேறு மெஷின்களை ஒரே அளவுகோலில் ஒப்பிட ஐபிசி-9850 என்ற தரநிலை இருக்கிறது. அது நல்ல விஷயம்தான். ஆனால் அந்தச் சோதனைப் பலகையும் நம் லைனில் ஓடும் போர்டும் ஒன்றல்ல. நம் போர்டில் ட்ரேயிலிருந்து எடுக்க வேண்டிய பெரிய ஐசி இருக்கும். அதைத் தனியாகக் கேமராவில் காட்டி, கால்களைச் சரிபார்த்து, மெதுவாக வைக்க வேண்டும். பாகத்தை உறிஞ்சி எடுக்கும் நாசிலை மாற்ற வேண்டும். பாகங்களை எடுத்துக் கொடுக்கும் ஃபீடர்கள் ஒரு மூலையிலும் அவற்றை வைக்க வேண்டிய இடங்கள் எதிர் மூலையிலும் இருந்தால் ஹெட் ஓடிக்கொண்டே இருக்கும்.

பேனல் உள்ளே வந்து, பிடித்து, ஃபிடூஷியல் என்ற இடக்குறியைப் படித்து முடிக்கவே ஏழெட்டு விநாடி போய்விடும். பேனலில் 60 பாகம்தான் என்றால் வைப்பதற்கு 9 விநாடி, தயாராவதற்கும் ஏறக்குறைய அதே நேரம். சின்ன போர்டுகளைப் பேனலாகச் சேர்க்கச் சொல்லி நாங்கள் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

நேரத்தில் பெரும் பங்கு போவது செட்டப்பில். அங்கே பிஓஎம்மில் எத்தனை வரி இருக்கிறது என்பதுதான் கேள்வி. 55 வகை பாகங்கள் என்றால் 55 ஃபீடர். ரீலை மாட்டி, டேப்பை இழுத்து, பார்கோடு ஸ்கேன் செய்து, சரியான இடத்தில் வைப்பதற்கு ஒன்றுக்கு இரண்டு நிமிடம் வைத்தாலும் 110 நிமிடம். 5,000 போர்டு ஓட்டினால் ஒரு போர்டின் தலையில் 1.3 விநாடிதான் விழும். 50 போர்டு மட்டும் கேட்டால் ஒவ்வொன்றின் மீதும் 2 நிமிடம் 12 விநாடி ஏறும். அந்த 50 போர்டுக்கும் மெஷின் ஓடும் நேரத்தைவிட மாட்டும் நேரம்தான் அதிகம்.

வேறு வேலை ஓடும்போதே ஃபீடர்களைத் தனி வண்டியில் மாட்டி வைத்தால் லைன் நிற்கும் நேரம் குறையும். ஆனால் மாட்டியவரின் உழைப்பு எங்கேயும் போகவில்லை, அதற்கும் கூலி உண்டு. லைன் நேரம் வேறு, ஆள் நேரம் வேறு. கொட்டேஷனில் இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

டிசைன் செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரே போர்டில் புல்அப் ரெசிஸ்டருக்கு ஓரிடத்தில் 4.7கே, இன்னோரிடத்தில் 5.1கே என்று போடுகிறீர்கள். சர்க்யூட்டுக்கு இரண்டும் ஒன்றுதான் என்றால் ஒன்றாக்கிவிடுங்கள். எங்களுக்கு ஒரு ஃபீடர் மிச்சம்.

த்ரூ ஹோல் பிரிவின் மேற்பார்வையாளர்:

பாகங்களின் கால்களைப் போர்டின் துளைகளில் செருகி சால்டர் செய்யும் எங்கள் பகுதியில் ப்ரோகிராம் கிடையாது, கைதான். அதனால் நேரத்தை நின்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ஸ்டாப்வாட்ச்சோடு போய்ப் பக்கத்தில் நின்றாலே ஆபரேட்டரின் வேகம் மாறிவிடும். சிலர் பரபரப்பாகச் செய்வார்கள், சிலர் நிதானமாகிவிடுவார்கள். அதனால் ஒருவரை மட்டும் பார்த்து எழுதிய நேரத்தை நான் ஏற்பதில்லை. பல சுற்று பார்த்து, வேகத்துக்கு ஒரு மதிப்பீடு கொடுத்து, ஓய்வுக்கும் தண்ணீர் குடிக்கவும் கைவலிக்கும் சேர்த்துத்தான் நிலையான நேரம் வரும். பார்த்தது 50 விநாடி, ஆபரேட்டர் வழக்கத்தைவிட 10 சதவீதம் வேகமானவர் என்றால் 55. அதற்கு மேல் 15 சதவீதம் ஓய்வுப்படி சேர்த்தால் 63 விநாடி. "50 விநாடியில் முடித்தாரே" என்று மேலிடத்தில் வாதாடுவார்கள். ஒரு தடவை முடிப்பதும் ஷிப்ட் முழுக்க முடிப்பதும் ஒன்றல்ல. அந்த 13 விநாடியை விட்டுக்கொடுக்காதீர்கள். அது ஆபரேட்டரின் தோள்பட்டையிலிருந்து எடுக்கப்படும் நேரம்.

போர்டு கைக்கு வரும் முன்பே நேரம் சொல்ல வேண்டியிருந்தால் எம்டிஎம் அட்டவணை உதவும். கை நீட்டுவது, பிடிப்பது, நகர்த்துவது, பொருத்துவது என்று ஒவ்வொரு அசைவுக்கும் அதில் ஒரு அளவு உண்டு. அலகின் பெயர் டிஎம்யூ, ஒன்று 0.036 விநாடி. பொறுமை வேண்டும். ஆனால் எந்த அசைவு தேவையில்லாதது என்பதை அது பளிச்சென்று காட்டிவிடும்.

ஓர் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரைச் செருகுவதைக் கவனித்துப் பாருங்கள். பெட்டியிலிருந்து எடுக்கிறார். உடம்பில் இருக்கும் நெகட்டிவ் பட்டை தெரியும்படி விரல்களுக்கிடையே உருட்டித் திருப்புகிறார். போர்டில் பிளஸ் குறியைத் தேடுகிறார். கால்களைத் துளைக்கு நேரே கொண்டுவந்து இறக்குகிறார். பிறகு ஒரு முறை குனிந்து பட்டையைப் பார்த்துக்கொள்கிறார். இறக்குவதற்கு ஆகும் நேரம் மிகக் குறைவு. நேரம் முழுக்க உருட்டுவதிலும் தேடுவதிலும் திரும்பப் பார்ப்பதிலும் போகிறது. ஒரு போர்டில் எட்டு கெப்பாசிட்டரும் ஒரே திசை பார்த்து நின்றால் ஆபரேட்டர் முதலாவதை மட்டும் தேடுவார், மற்றவை கை பழக்கத்தில் போய்விடும். நாலு திசையில் நின்றால் எட்டு முறையும் தேடல்தான். பாகங்களின் எண்ணிக்கை இரண்டு போர்டிலும் ஒன்றே.

டொராய்டு காயில் இன்னும் மோசம். சுற்றி வரும் கம்பியின் கால்கள் ஒன்றுபோல ஒன்று இருக்காது. பிளையரால் நேராக்கி, துளைக்கு இழுத்து, கோந்து வைத்து நிறுத்த வேண்டும். இப்படி ஒரே ஒரு காயில் இருந்தாலும் போதும், அந்த மேஜைதான் லைனின் தடை.

சால்டரிங்கிலும் இதே கதைதான். சாதாரணக் காலுக்கு மூன்று நான்கு விநாடி. அதே கனெக்டரின் கிரவுண்ட் கால் போர்டின் உள்ளடுக்கில் இருக்கும் பெரிய காப்பர் பரப்போடு நேரடியாகச் சேர்ந்திருந்தால் சூடு முழுவதையும் அது குடித்துவிடும். அயர்ன் நுனியை வைத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு விநாடி காத்திருக்க வேண்டும். ஈயமில்லாத எஸ்ஏசி305 சால்டர் 217 டிகிரிக்கு மேல்தான் உருகத் தொடங்கும். பழைய ஈய சால்டருக்கு 183 போதும். அந்த வித்தியாசம் கிரவுண்ட் காலில் நன்றாகத் தெரியும். காலைச் சுற்றி தெர்மல் ரிலீஃப் (காப்பர் பரப்போடு மெல்லிய இணைப்புகள் மட்டும்) போட்டிருந்தால் இந்தக் காத்திருப்பே இல்லை. டிசைன் ஃபைலில் ஒரு டிக் போடும் வேலை அது. அப்படி விடுபட்ட போர்டு வரும்போதெல்லாம் நான் எழுதி அனுப்புவேன், சலிக்காமல்.

டெஸ்ட் பிரிவிலிருந்து:

அசெம்பிளி நேரத்தைக் கேட்பவர்கள் எங்களைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. இன்சர்க்யூட் டெஸ்டில் போர்டு சில விநாடியில் முடிந்துவிடும், ஆனால் அதற்கென்று ஃபிக்ஸ்சர் (போர்டைத் தாங்கி ஊசிகளால் தொடும் அமைப்பு) செய்ய வேண்டும். ஃப்ளையிங் ப்ரோபுக்கு ஃபிக்ஸ்சர் வேண்டாம், ஆனால் நகரும் ஊசிகள் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுப் போவதால் நிமிடக்கணக்கில் ஓடும். ஃபர்ம்வேர் ஏற்றுவது தனி. அது ஓடும்போது ஆபரேட்டர் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறாரா, அடுத்த ஃபிக்ஸ்சரில் இன்னொரு போர்டை வைக்கிறாரா என்பதைப் பொறுத்து ஆள் நேரம் பாதியாகிவிடும்.

அப்புறம் ஃபெயில் ஆகும் போர்டுகள். நூற்றில் ஐந்து ஃபெயில் ஆகி, ஒவ்வொன்றிலும் குறையைத் தேடிச் சரிசெய்ய 20 நிமிடம் ஆனால், நல்ல போர்டு உட்பட எல்லாவற்றின் மீதும் தலா ஒரு நிமிடம் ஏறுகிறது. 420 பாகத்தை மெஷின் வைத்து முடிக்கும் 63 விநாடிக்கு இது ஏறத்தாழ சமம்.

சிறிய எண்ணிக்கையில் ப்ரோட்டோடைப் செய்பவர்:

என்னிடம் வருவது ஐந்து, பத்து போர்டு. வாடிக்கையாளர் பாகங்களை அவரே வாங்கி ஒரு கவரில் போட்டு அனுப்புவார். ஃபீடரில் மாட்ட முன்பக்கத்தில் நீள டேப் இல்லாமல் துண்டு துண்டாக வெட்டியிருக்கும். கவரைப் பிரித்து, எண்ணி, பிஓஎம்மோடு ஒப்பிட்டு, குறைகிறது என்று கடிதம் எழுதி முடிப்பதற்கே அசெம்பிளியைவிட அதிக நேரம் ஆகிறது. இதற்குத் தனியாக நேரம் போட்டு விலையில் காட்டுகிறேன். யாரும் சண்டைக்கு வரவில்லை. பலர் அடுத்த முறை ஒழுங்கான ரீலாக அனுப்பினார்கள்.

ஈரம் பிடிக்கும் ஐசிக்களும் இங்கே அடிக்கடி வரும். எம்எஸ்எல் (ஈரத்தால் பாதிக்கப்படும் அளவு) 3 என்று குறித்த பாகம், பை பிரித்த பிறகு 168 மணி நேரம்தான் வெளியே இருக்கலாம். எப்போது பிரித்தார்கள் என்றே தெரியாத பாகத்தை பேக் செய்யாமல் (சூடாக்கி ஈரத்தை நீக்காமல்) ரீஃப்ளோவுக்கு அனுப்ப மாட்டேன். பேக் செய்ய ஆள் நேரம் ஐந்து நிமிடம்கூட ஆகாது, ஆனால் டெலிவரி ஒரு நாள் தள்ளிப்போகலாம். நேரம் என்று கேட்பவர் இதில் எதைக் கேட்கிறார் என்று முதலிலேயே தெளிவு செய்துகொள்வது நல்லது.

கற்றல் வளைவு பற்றியும் ஒரு வார்த்தை. 1936இல் டி. பி. ரைட் விமானத் தயாரிப்பை வைத்து எழுதியது: மொத்த எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒன்றுக்கு ஆகும் சராசரி உழைப்பு நேரம் ஒரே விகிதத்தில் குறையும். 80 சதவீத வளைவு என்றால் முதல் போர்டுக்கு 100 நிமிடம், இரண்டு போர்டின் சராசரி 80, நாலு போர்டின் சராசரி 64, எட்டு போர்டின் சராசரி 51. முதல் ஐந்து போர்டின் நேரத்தை வைத்து ஆயிரம் போர்டுக்கு விலை கேட்பவர்களுக்கு இதைக் காட்டுவேன்.

எஸ்எம்டி லைனில் ப்ரோகிராம் போடுபவர்:

வளைவு கைவேலைக்குச் சரி. மெஷின் நேரத்துக்கு அதைப் போடாதீர்கள். ப்ரோகிராமைச் சீர்செய்தால் முதல் சில பேனலில் கொஞ்சம் குறையும், அதன் பிறகு ஆயிரமாவது பேனலுக்கும் அதே விநாடிதான். கையையும் மெஷினையும் பிரித்து, கைக்கு மட்டும் வளைவைப் போட்டால்தான் கணக்கு உண்மைக்குப் பக்கத்தில் வரும்.

டிசைன் செய்பவர்:

மேலே எழுதியதையெல்லாம் படித்துவிட்டு இப்போது கையில் இருக்கும் போர்டைத் திறந்து பார்த்தேன். அடிப்பக்கத்தில் மூன்றே மூன்று கெப்பாசிட்டர். பிஜிஏ (அடியில் சால்டர் உருண்டைகள் உள்ள ஐசி) எதுவும் இல்லை, அந்தக் கெப்பாசிட்டர்கள் அங்கேதான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மேல்பக்கத்தில் ஐசி கால்களுக்கு நெருக்கமாகவே இடம் கிடைத்தது. நகர்த்தியதும் அடிப்பக்கத்துக்குத் தேவைப்பட்ட ஒரு ஸ்டென்சில் (சால்டர் பேஸ்ட் பூசும் தகடு), ஒரு பிரிண்ட், ஒரு ரீஃப்ளோ, ஒரு செட்டப் என எல்லாம் போய்விட்டன. கெப்பாசிட்டர்களையும் ஒரே திசைக்குத் திருப்பிவிட்டேன். கிரவுண்ட் கால்களுக்குத் தெர்மல் ரிலீஃப் போட்டாயிற்று. கனெக்டர்கள் செலக்டிவ் சால்டரிங்குக்கு (குறிப்பிட்ட கால்களுக்கு மட்டும் மெஷின் சால்டர் வைப்பது) போகும். அந்தக் கால்களைச் சுற்றி மற்ற பாகங்களுக்கு எவ்வளவு தூரம் விட வேண்டும்?

த்ரூ ஹோல் பிரிவின் மேற்பார்வையாளர்:

குறைந்தது 3 மி.மீ. விடுங்கள், 5 கிடைத்தால் இன்னும் நல்லது. சால்டர் படும் பக்கத்தில் உயரமான பாகம் இருந்தால் சால்டர் வரும் நாசில் இடிக்கும், அதை மட்டும் இன்னும் தள்ளி வையுங்கள். ஃபைலை லைனுக்கு அனுப்பும் முன் அந்த இடத்தை ஒரு படமாக எடுத்து எங்களுக்கு அனுப்பினால் பார்த்துச் சொல்லிவிடலாம்.