தளபாடமும் ரிசோவும்: கூறுவிலைக் கோப்பு திரும்பி வந்துவிட்டது, எங்கிருந்து தொடங்குவது?

படுவான்கரைப் பெற்றோர்:

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு வகை 2 பாடசாலை. தரம் 6 தொடக்கம் 11 வரை 480 பிள்ளைகள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்குச் செயலாளராகப் புதிதாகத் தெரிவாகியிருக்கிறேன். இந்த வருசம் 60 சோடி மேசை கதிரையும், தவணைப் பரீட்சைத் தாள் அடிக்க ஒரு ரிசோ இயந்திரமும் வாங்க வேண்டும். கொஞ்சப் பணம் அரசு தரும் தர உள்ளீட்டு ஒதுக்கீட்டிலிருந்தும், மிச்சம் சங்கக் கணக்கிலிருந்தும் எடுப்பதாகத் திட்டம். வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்களும் ஒரு தொகை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

மூன்று கடையில் கூறுவிலை (கடை எழுதித் தரும் விலை) எடுத்துக் கொடுத்தோம். "விவரக்குறிப்பு இல்லை, கூறுவிலைத் திகதி கூட்டத் தீர்மானத்துக்கு முந்தியது" என்று எழுதிக் கோப்பைத் திருப்பிவிட்டார்கள். மழைக்கு முதல் முடிக்க வேண்டும். ஒழுங்கு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிரிவு ஓய்வு:

திருப்பி அனுப்பியது சரிதான் தம்பி. என்ன பொருள், என்ன அளவு என்று சொல்லும் விவரக்குறிப்பு இல்லாமல் எடுத்த மூன்று கூறுவிலையை ஒப்பிடவே முடியாது. ஒருவர் இரும்புக் காலுக்கு விலை போட்டிருப்பார், ஒருவர் மரக் காலுக்குப் போட்டிருப்பார், மூன்றாமவர் ஏற்றுகூலியைச் சேர்த்திருக்க மாட்டார். எது குறைந்த விலை என்று எந்தக் குழுவாலும் சொல்ல ஏலாது.

முதலில் பணத்தைப் பிரியுங்கள். தர உள்ளீட்டுப் பணம் கற்றல் கற்பித்தல் பொருளுக்கென்று வருவது. அதற்குள் மேசை கதிரையைப் போட்டால் செலவுத் தலைப்பு மாறிப் போகும், பணம் கொடுப்பதற்கான வவுச்சர் நிற்கும். அந்தப் பணத்தில் கடதாசி, ரிசோ மை, மாஸ்டர் ரோல் (பக்கத்துக்கு ஒன்றாக அச்சுத்தாள் வெட்டும் சுருள்) போன்றவற்றை வாங்குங்கள். தளபாடத்துக்குச் சங்கப் பணத்தை வையுங்கள். இன்னொரு வேறுபாடும் உண்டு. அரச நிதியாண்டு ஜனவரி 1 தொடக்கம் டிசம்பர் 31 வரை. செலவாகாத ஒதுக்கீடு அத்தோடு போய்விடும். சங்கக் கணக்கில் உள்ளது அப்படிப் போகாது. ஆகவே அவசரம் தர உள்ளீட்டுக்குத்தான். தளபாடத்தை ஆறுதலாக, சரியாகச் செய்யுங்கள்.

ஒழுங்கு இதுதான். எத்தனை சோடி தேவை என்பதை வகுப்பு வகுப்பாக எண்ணி எழுதுங்கள். அந்தத் தேவையும், எந்த நிதியில் எடுப்பது என்பதும், உத்தேசத் தொகையும் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக வரவேண்டும். பிறகு விவரக்குறிப்பு. அதன் பிறகுதான் ஒரே கடிதத்தை, ஒரே விவரக்குறிப்போடு, ஒரே இறுதித் திகதி நேரத்தோடு, ஆகக் குறைந்தது மூன்று பேருக்கு அனுப்புவது. ஐந்து பேருக்கு அனுப்புவது நல்லது, மூன்று பேருக்கு அனுப்பினால் இரண்டுதான் திரும்பி வரும். முத்திரையிட்ட உறையில் வாங்கி, குறித்த நேரத்தில் குழுவினர் முன்னால் திறந்து, திறந்தவர்கள் ஒவ்வொரு தாளிலும் ஒப்பமிட வேண்டும். அடுத்தது ஒப்பீட்டு அட்டவணை, பரிந்துரை, அங்கீகாரம், எழுத்தில் கட்டளை. உங்கள் குழு எவ்வளவு தொகை வரை அங்கீகரிக்கலாம் என்பது நடப்புச் சுற்றறிக்கையில் இருக்கும். வலயக் கணக்காளரிடம் கேட்டு அதன் பிரதியைக் கோப்பின் முதல் தாளாக வையுங்கள். 2025 ஜனவரி 1 தொடக்கம் தேசிய பெறுகை ஆணைக்குழுவின் புதிய பெறுகை (அரச கொள்வனவு) வழிகாட்டல்கள் நடைமுறையில் உள்ளன. 2006ஆம் ஆண்டுக் கைநூலைப் பார்த்து எழுதிய பழைய மாதிரிக் கடிதங்களை அப்படியே பிரதி பண்ண வேண்டாம்.

குழு அங்கீகரிக்கக்கூடிய தொகை எல்லைக்குள் நிற்பதற்காக 60 சோடியை 20, 20, 20 என்று பிரித்து வாங்கவே கூடாது. கணக்காய்வாளர் முதலில் பார்ப்பது அதைத்தான்: ஒரே கடை, அடுத்தடுத்த காசோலை இலக்கம், ஒரே பொருள். 2018ஆம் ஆண்டு 19ஆம் இலக்க தேசிய கணக்காய்வுச் சட்டத்தில் நட்டத்தைப் பொறுப்பானவரிடம் அறவிட இடமிருக்கிறது. ஒப்பம் வைப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

கூறுவிலையில் பார்க்க வேண்டியவை: திகதி, செல்லுபடியாகும் காலம், வியாபாரப் பதிவு இலக்கம், ஒப்பம். 18 சதவீத வற் (பெறுமதி சேர் வரி) போட்டிருந்தால் வற் பதிவு இலக்கம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் வற் அறவிட முடியாது. ஒப்பிடும்போது வற் நீங்கிய விலையை எடுங்கள். மூன்று கூறுவிலையும் ஒரே கையெழுத்தில், ஒரே எழுத்துப் பிழையோடு இருந்தால் அந்தக் கோப்பை அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஒரு கடைக்காரரே மற்ற இரண்டையும் கொண்டுவந்து தருவதை ஏற்பது பிள்ளைகளின் பணத்துக்குச் செய்யும் துரோகம்.

ஏற்றுகூலி உங்கள் பக்கத்தில் பெரிய விசயம். உதாரணத்துக்கு, ஒருவர் சோடி 14,500 ரூபா, பாடசாலையில் இறக்கித் தருவேன் என்கிறார்: 60 சோடி 870,000. மற்றவர் 13,900 என்கிறார்: 834,000. ஆனால் லொறிக்கு 45,000 தனி என்றால் 879,000 ஆகிறது. குறைவாகத் தெரிந்ததுதான் கடைசியில் கூடின விலை. "பாடசாலையில் இறக்கி, வகுப்பறையில் வைத்து" என்று கடிதத்திலேயே எழுதுங்கள். வெள்ளாவெளிப் பக்கம் வெள்ளம் ஏறினால் லொறி நிற்கும், ஆகவே ஒப்படைக்கும் திகதியை ஒக்டோபருக்குள் வையுங்கள்.

ஒட்டுத்தச்சன்:

விவரக்குறிப்பை நான் சொல்கிறேன். "நல்ல தரமான மேசை" என்று எழுதினால் எதுவும் வரும்.

உயரம்தான் முதல். ஒரே அளவில் 60 எடுக்க வேண்டாம். ஐரோப்பியத் தரமான ஈஎன் 1729இல் உள்ள அளவு நமக்கும் பொருந்தும். 133 தொடக்கம் 159 சென்ரிமீற்றர் உயரமான பிள்ளைக்குக் கதிரை இருக்கை 38, மேசை 64. 146 தொடக்கம் 176 வரையானவர்களுக்கு 43, 71. தரம் 6, 7க்கு முதலாவது, தரம் 9க்கு மேல் இரண்டாவது. தரம் 8இல் இரண்டும் கலந்து வேண்டும். பிள்ளைகளைச் சுவரில் நிறுத்தி அளந்து எண்ணிக்கையைப் பிரியுங்கள், அரை நாள் வேலைதான்.

கால்: 25 மில்லிமீற்றர் சதுரப் பெட்டி இரும்பு, சுவர்த்தடிப்பு 1.2 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. இதில்தான் ஏமாற்று நடக்கும், 0.9 போட்டாலும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். மாதிரி ஒன்றைக் கேட்டு, காலின் அடியிலுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி வேர்னியர் அளவுகோலால் அளந்து பாருங்கள். ஒட்டு (வெல்டிங்) பொட்டுப் பொட்டாக இல்லாமல் மூட்டு முழுக்கச் சுற்றி வரவேண்டும். கதிரை உடைவது பெரும்பாலும் பின்கால் மூட்டில், பிள்ளைகள் பின்னுக்குச் சாய்ந்து ஆட்டுவதால். பின்கால்களுக்கு இடையில் ஒரு குறுக்குச் சட்டம் கட்டாயம் என்று எழுதுங்கள். துரு நீக்கி, முதல் பூச்சு ஒன்று, மேல் பூச்சு இரண்டு. கடலோர எழுவான்கரையில் கடல் உப்பு, உங்கள் பக்கம் ஈரம், இரண்டுமே இரும்பைத் தின்னும்.

மேற்பலகை: உலர்ந்த மரம், 20 மில்லிமீற்றர். சிப்போர்ட், எம்டிஎவ் வேண்டவே வேண்டாம். மழைக்காலத்தில் விளிம்பு ஊதிப் பிளக்கும். பச்சை மரத்தில் செய்தால் பங்குனி வெயிலுக்கு வளைந்து ஆணி கிளம்பும். மரம் எந்த இனம் என்று பெயர் குறிப்பிடச் சொல்லுங்கள். அரச மரக்கூட்டுத்தாபனத்திடமும் ஒரு விலை கேளுங்கள்.

புதிது வாங்க முதல் உடைந்ததைப் பாருங்கள். மூட்டு விட்ட கதிரை ஒட்டினால் எழும்பும், சட்டம் துருப்பிடித்து ஓட்டை விழுந்ததுதான் கழிவு.

கணக்குப்பிரிவு ஓய்வு:

அந்தக் கழிவை நீங்களே விற்கவோ எரிக்கவோ வேண்டாம். நிதிப் பிரமாணம் 756இன்படி நடக்கும் ஆண்டுப் பொருட்கணிப்பில் காட்டி, அகற்ற அனுமதி வந்த பிறகுதான் பதிவேட்டிலிருந்து கழிக்கலாம்.

திருக்கோவில் ஆசிரியர்:

ரிசோ பற்றி. வாங்கும் விலையைவிட ஓட்டும் செலவுதான் முக்கியம். உங்கள் கணக்கு: 480 பிள்ளைகள், 9 பாடம், பாடத்துக்கு 4 பக்கம் என்றால் ஒரு தவணைக்கு 17,280 பக்கம். ஆறு தரம், 9 பாடம், 4 பக்கம் என்றால் 216 மாஸ்டர். கிட்டத்தட்ட ஒரு ரோல் முழுக்க ஒரு தவணையில் முடிந்துவிடும். ஒரு மாஸ்டரில் சராசரி 80 பிரதி எடுக்கிறீர்கள், ஆகவே ரிசோ பொருந்தும். இருபது முப்பது பிரதிக்குப் போட்டோகொப்பிதான் மலிவு.

கூறுவிலைக் கடிதத்தில் இயந்திர விலையோடு மைக்குழாய் ஒன்று, மாஸ்டர் ரோல் ஒன்று, இவற்றின் இன்றைய விலையையும் தனித்தனி வரியில் கேளுங்கள். மூன்று வருசச் செலவைக் கூட்டி ஒப்பிடுங்கள். பாவித்த இயந்திரம் என்றால், இதுவரை அடித்த பிரதிகளைக் காட்டும் எண்ணியின் அளவைக் கூறுவிலையில் எழுதித் தர வேண்டும், வந்து இறங்கும்போது அதையே சரிபார்க்க வேண்டும். பழுது என்றால் தொழினுட்பவியலாளர் எத்தனை நாளில் வருவார், கொழும்பிலிருந்தா மட்டக்களப்பிலிருந்தா, பயணச் செலவு யாருடையது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பரீட்சை வாரத்தில் இயந்திரம் நின்றால் வேறு வழி இல்லை.

மின் அழுத்தம் ஏறி இறங்கும் இடமென்றால் ஸ்டெபிலைசரையும் சேர்த்து வாங்குங்கள். மாரியில் கடதாசி ஈரம் குடித்து இரண்டு மூன்றாக இழுபடும். றீமைப் பிரிக்காமல் மூடிய அலுமாரியில், நிலத்தில் படாமல் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

படுவான்கரைப் பெற்றோர்:

மிக்க நன்றி ஐயா, சேர். இன்னும் இரண்டு. பழைய மாணவர்கள் பணத்தை என் சொந்தக் கணக்குக்கு அனுப்பவா என்று கேட்கிறார்கள். மற்றது, கூறுவிலை தந்த கடைகளில் ஒன்று எங்கள் குழு உறுப்பினர் ஒருவரின் தம்பியுடையது. அந்தக் கடையைத் தள்ள வேண்டுமா?

கணக்குப்பிரிவு ஓய்வு:

சொந்தக் கணக்குக்கு வேண்டாம், ஒரு ரூபாய்கூட. சங்கக் கணக்குக்கு நேரே வரட்டும், பற்றுச்சீட்டு எழுதுங்கள். எதற்காகத் தந்தார்கள் என்பதைக் கூட்டறிக்கையில் பதியுங்கள், பிறகு அதை வேறு வேலைக்குத் திருப்ப முடியாது. பொருளாகத் தந்தாலும் பொருட்பதிவேட்டில் ஏற வேண்டும். இறந்தவர் ஒருவரின் நினைவாகத் தந்து, மேசையில் அவர் பெயரை எழுதக் கேட்டால் எழுதுங்கள், ஆனால் பாடசாலையின் பெயரும் பதிவேட்டு இலக்கமும் கட்டாயம் இருக்க வேண்டும்.

கடையைத் தள்ளத் தேவையில்லை. அந்த உறுப்பினர் தன் உறவை எழுத்தில் அறிவிக்க வேண்டும். விவரக்குறிப்பு எழுதும்போதும், உறை திறக்கும்போதும், ஒப்பிடும்போதும் அவர் இருக்கக் கூடாது. "இன்னார் உறவை அறிவித்து வெளியேறினார்" என்று கூட்டறிக்கையில் ஒரு வரி வரட்டும். அவர் காசோலையில் ஒப்பமிடுபவராக இருந்தால் வேறொருவர் ஒப்பமிட வழி செய்யுங்கள். பொருள் வந்ததும் எண்ணிப் பார்த்துச் சான்றுப்படுத்துபவரும் அவராக இருக்கக் கூடாது.

ஆகக் குறைந்த விலையை விட்டு அடுத்ததை எடுத்தால், காரணத்தை விவரக்குறிப்பின் எந்த வரியில் தவறியது என்று காட்டி எழுதுங்கள். "தரம் போதாது" செல்லாது. "கால் தடிப்பு 1.2 கேட்டோம், மாதிரியில் 0.9" என்பது செல்லும். 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பெற்றோரும் இந்தக் கோப்பைக் கேட்கலாம், 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். முற்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அதற்குப் பதிலாக 30 சோடி வந்து எண்ணி ஏற்றதும் அதற்குரிய பணம், மிச்சம் 30 வந்ததும் மிச்சப் பணம் என்று கட்டளையிலேயே எழுதலாம். கட்டளை ஒன்றுதான், ஒப்படைப்புத்தான் இரண்டு. ஆகவே இது பிரித்து வாங்கியதாகாது.