மருந்துக்கடைக்கு ஷிப்ட் போட எது வசதி?

கேள்வி: மாட்டுத்தாவணி பக்கம் 24 மணி நேர மருந்துக்கடை நடத்துகிறேன். 11 பேர், மூன்று ஷிப்ட். வாட்ஸ்அப்பில் பட்டியல் போட்டாலும் "அண்ணே, நாளைக்கு எனக்கு நைட்டா?" என்று போன் வருகிறது. நைட் பார்த்த பையனுக்கு மறுநாள் காலை ஷிப்ட் விழவே கூடாது. பாவம், தூங்க வேண்டாமா?

பதில் 1: இத்தனை பேருக்குக் கூகுள் ஷீட்ஸே போதும் அண்ணே. பெயர் இடப்பக்கம், தேதி மேலே, கட்டத்தில் கா, மா, இ. 'இ'க்கு அடுத்த நாள் 'கா' வந்தால் கட்டம் சிவப்பாகும்படி கண்டிஷனல் ஃபார்மேட்டிங் வையுங்கள்.

பதில் 2: வார விடுமுறையையும் குறியுங்கள், 1947-ம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள் சட்டப்படி சம்பளத்தோடு ஒரு நாள் கட்டாயம். அப்புறம், அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு யாருக்கு லீவு என்பதைப் பங்குனியிலேயே பேசி முடியுங்கள்.

கேட்டவர்: சரி தம்பி. ஷிப்டுக்கு ஒரு பார்மசிஸ்டாவது இருக்கிறாரா என்று எப்படிப் பார்ப்பது?

பதில் 1: அவர்கள் பெயரை ஒன்றாக மேலே வைத்து, கீழே ஒவ்வொரு ஷிப்டுக்கும் கவுண்ட்இஃப் (அந்த எழுத்து எத்தனை கட்டத்தில் இருக்கிறது என்று எண்ணும் ஃபார்முலா) போடுங்கள். 0 காட்டினால் ஆள் இல்லை.