மெஹ்தாப் பாக்: யமுனையின் எதிர்க்கரையில் ஒரு மாலை

ஆக்ரா அனுபவம் என்றால் எல்லாரும் தாஜ்மகாலைத்தான் எழுதுகிறார்கள். எனக்கு மனதில் நின்றது யமுனையின் அக்கரையில், தாஜுக்கு நேர் எதிரே இருக்கும் மெஹ்தாப் பாக். நிலாத் தோட்டம் என்று பொருள்.

பிப்ரவரி மாதம், நானும் அம்மாவும் மூன்றரை மணிவாக்கில் போனோம். தாஜில் நெரிசலில் நடந்து அம்மாவுக்கு முழங்கால் வலி. இங்கே கூட்டமே இல்லை. செடிப் பாத்திகளைத் தாண்டி ஆற்றோரம் போனால் எண்கோணக் குளம். தண்ணீர் கிடையாது. களை எடுத்துக்கொண்டிருந்த வயதான தோட்டக்காரர் அம்மாவைப் பார்த்துக் கையசைத்துக் கூப்பிட்டார். குளத்தின் ஓரக் கல்லில் படிந்திருந்த மண்ணைக் கட்டைவிரலால் வழித்துக் காட்டினார். பூவிதழ் போல வளைவு வளைவாகச் செதுக்கியிருக்கிறார்கள். அம்மாவுக்கு இந்தி தெரியாது. அவர் தாஜைக் காட்டி, பிறகு குளத்தைக் காட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்தார். அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது: "அதோட நிழல் இதுல விழணும்னுதான் கட்டியிருக்காங்க!"

ஷாஜகான் தனக்குக் கல்லறையாகக் கறுப்புத் தாஜ் கட்டத் தொடங்கிய இடம் இது என்று வழியில் ஒருவர் அடித்துச் சொன்னார். நம்பாதீர்கள். 1990-களில் இங்கே தோண்டியபோது கிடைத்தது இந்தக் குளமும் தோட்டமும்தான், கல்லறை அல்ல. தாஜின் நடுவே ஒரு கோடு போட்டு ஆற்றைத் தாண்டி நீட்டினால் இந்தத் தோட்டத்தின் நடுவே வந்து சேரும். இரண்டையும் ஒன்றாகவே யோசித்திருக்கிறார்கள். அதைவிடப் பெரிய கதை வேண்டுமா?

தோட்டத்தை மண் மூடக் காரணம் யமுனைதான். வெள்ளத்தில் தோட்டம் முழுக்க மூழ்கி அழகிழந்துவிட்டது என்று 1652-லேயே ஔரங்கசீப் தன் தந்தைக்கு எழுதியிருக்கிறார். இன்று முள்கம்பி வேலிக்கு அப்பால் அதே ஆறு ஒடுங்கிக் கிடப்பதைப் பார்க்க மனசு கனத்தது.

வெயில் சாயச் சாய தாஜின் வலப்பக்கம் மஞ்சளாகி, பிறகு சாம்பல் நிறமானது. அம்மா குளத்தோரத்தை விட்டு எழவே இல்லை. போகிறவர்கள் கடைசி ஒரு மணி நேரத்தையாவது அங்கே உட்கார ஒதுக்குங்கள்.

சூரியன் மறைந்ததும் விசில் ஊதி எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். நிலாவுக்கென்றே போட்ட தோட்டத்தில் நிலா வரும்வரை இருக்க முடியாதது எனக்கு இன்னும் ஆறவில்லை. அன்று பௌர்ணமி. வாசலைத் தாண்டியபோது கிழக்கே மரங்களுக்கு மேல் பெரிதாக எழும்பியிருந்தது. அம்மா நின்று திரும்பிப் பார்த்தார். அதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள்.